மைதானத்து மேட்டுக்கு எது: சுவரா, கம்பிக்கூட்டுக் கல்லா, வெட்டிவேரா, இல்லை விட்டு விலகுவதா?

2025 நவம்பரில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பிறகு என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். ஆளும் தோட்டமும்தான் மாறுகின்றன. கடைசியாகக் கேட்டவர் தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர். "அண்ணே, மைதானத்துக்கு மேலே மண்மேடு. போன மழையில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அதற்கு நேர்கீழே பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்). கொஞ்சம் பணம் கிடைக்கும்போல இருக்கிறது. சுவர் கட்டலாமா, கம்பிக்கூட்டில் கல் அடுக்கலாமா, வெட்டிவேர் நடச் சொல்கிறார்களே, அது சரிவருமா? இல்லையென்றால் பிள்ளைக்காம்பராவையே வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடலாமா?" டவுன்காரர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு மைதானத்துக்குப் பதில் பஸ் நிலையம், சந்தை, ஓயா என்கிற சிற்றாற்றின் கரை.

நான் பொறியியலாளர் இல்லை. தோட்டத்தில் பிறந்து, இருபது வருடமாக ஊர்ச் சங்கத்தில் மண்வெட்டியையும் கூட்டக் குறிப்புப் புத்தகத்தையும் மாறி மாறிப் பிடித்தவன். சுவருக்குக் கணக்குப் போடச் சொன்னால் தெரியாது. எந்தச் செலவு எங்கே வீணாகப் போகிறது என்று சொல்லத் தெரியும்.

முதலில் மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலையகத்தில் சமதரை தானாக அமைவதில்லை. மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி, மட்டம் பண்ணி எடுத்ததுதான் அநேகமாக எல்லா மைதானமும். ஆகவே ஒரே மைதானத்துக்கு இரண்டு நோய். வெட்டிய பக்கம் மேலிருந்து சரியும். நிரப்பிய பக்கம் கீழே இறங்கும். கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் வெட்டிய பக்கத்தைக் காட்டித்தான் கேட்கிறார்கள். நிரப்பிய ஓரத்தில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த ஓரத்தில்தான் பெரும்பாலும் விழா மேடையைக் கட்டி வைத்திருப்போம். அபாய அறிவிப்பு வந்தால் ஊரே ஓடி வந்து நிற்பதும் அதே மைதானத்தில்தான்.

## தேர்வுக்கு முன் பார்க்க வேண்டியவை

சரிவது தோலா, மலையா? மூன்று நான்கு அடி மேல்மண் வழுக்கி இறங்குவது வேறு. ஆழத்திலிருந்து மலையே நகர்வது வேறு. சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிறதா, இருந்தாற்போல் புதிய ஊற்று கிளம்புகிறதா, தெளிவாக வந்த பீலித் தண்ணீர் (ஊற்றுக் குழாய்த் தண்ணீர்) கலங்கி வருகிறதா, லயத்துக் (தோட்டத்து வரிசை வீட்டுக்) கதவு திடீரென்று பூட்ட முடியாமல் இறுகுகிறதா என்று பாருங்கள். இவற்றில் இரண்டு சேர்ந்தாலே மேலே படிப்பதை நிறுத்திவிட்டு கிராம சேவகரைப் பிடியுங்கள். கொஸ்லந்தை மீரியாபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்களை மூடிய மண்ணை எந்தச் சுவரும் தடுத்திருக்காது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது.

தண்ணீர் எங்கே போகும்? ஒரு ஏக்கர் சரிவில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் நாலு லட்சம் லீற்றர். பத்தாயிரம் லீற்றர் தண்ணீர் பவுசரில் நாற்பது பவுசர். டித்வா மாதிரி நாட்களில் ஒரே இரவில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கொட்டுகிறது. முன்பும் மலையில் மழை பெய்தது. ஆனால் தூறித் தூறி நாட்கணக்கில் பெய்தது. இப்போது மாதக்கணக்கில் காய்ந்து மண் வெடித்துக் கிடக்கிறது, அப்புறம் மொத்தமாகக் கொட்டுகிறது. வெடிப்பு வழியாகத் தண்ணீர் நேரே உள்ளே இறங்குகிறது.

யார் பார்த்துக்கொள்வார்கள்? திறப்பு விழாவுக்கு வருபவர்களை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்த வருடம் கானில் (மழைநீர் வாய்க்காலில்) மண் அள்ளப் போகிறவர் யார் என்று பெயர் சொல்ல முடியுமா?

நிலம் யாருடையது? மைதானம் ஊருடையது என்று நாம் சொன்னாலும் காகிதத்தில் தோட்டத்து நிலமாக இருக்கும். மேலே உள்ள தேயிலை மலையில் கான் வெட்டவும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டடம் என்றால் ஆராய்ச்சி நிறுவனத்தின் இடர் மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டும். இதற்குப் போகும் மாதங்களையும் கணக்கில் சேருங்கள்.

## ஒன்று: கொங்கிரீட் அல்லது கருங்கல் சுவர்

எல்லோருக்கும் பிடித்தது இதுதான். கண்ணுக்குத் தெரியும், பெயர்ப் பலகை மாட்டலாம், படம் எடுக்கலாம். இடமும் குறைவாகப் பிடிக்கும். பாதை ஓரம், பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் போன்ற நெருக்கடியான இடங்களில் வேறு வழியும் இல்லை.

ஆனால் சுவரைத் தள்ளுவது மண் மட்டும் இல்லை. இரண்டு மீற்றர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றால், அந்தத் தண்ணீர் மட்டும் சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் இரண்டு தொன் விசையில் தள்ளும். சுவரை மூன்று மீற்றர் ஆக்கினால் அது நாலரைத் தொன். மண்ணின் தள்ளல் தனி. ஆகவே சுவருக்குப் பின்னால் சல்லி நிரப்பி, சுவரில் குழாய்த் துளை விட்டுத் தண்ணீரை வடிக்க வேண்டும். இது எல்லா மேசன் பாசுக்கும் தெரியும். தெரிந்தும் நடப்பது வேறு.

எங்கள் கோவில் முற்றத்துச் சுவரை முறையாகத்தான் கட்டினார்கள், குழாய்கள் வைத்து. ஒவ்வொரு குழாயிலிருந்தும் சிவப்புத் தண்ணீர் வடிந்து சுவரில் நீள நீளமாகக் கறை. திருவிழாவுக்குக் காவியும் வெள்ளையும் அடித்த அடுத்த நாளே மறுபடி கறை. கூட்டம் போட்டுப் பேசி, குழாய்களை அடைத்துவிடுவது என்று முடிவெடுத்தோம். கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஒரு குழாய்க்கு ஒரு பிடி சிமெந்து. அரை நாள் வேலை. அடுத்த ஐப்பசியில் சுவர் வயிறு தள்ளி நின்றது, ஒரு ராத்திரி போய்விட்டது. நல்ல வேளை, அடியில் யாரும் இல்லை. காலையில் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது குழாய்க்குள் அந்தச் சிமெந்து அப்படியே இருந்தது, பெருவிரல் வைத்து அழுத்திய தடத்தோடு.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்றும் உண்டு. அத்திவாரத்துக்காக மேட்டின் அடியை வெட்டுகிற அந்த இரண்டு வாரம்தான் மேடு ஆகவும் பலவீனமாக இருக்கும். பணம் கைக்கு வரும் நேரம் பார்த்து மழைக்காலத்தில் வேலையைத் தொடங்கினால் சுவருக்கு முன்னால் மேடு வந்துவிடும். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை பக்கம் என்றால் தை முதல் பங்குனிக்குள் முடிக்கப் பாருங்கள். பதுளை, பண்டாரவளை பக்கம் என்றால் ஆனியிலிருந்து ஆவணிக்குள்.

சுவர் சரியான தேர்வாவது எப்போது? இடம் இல்லை, சரிவு ஆழமில்லை, லொறி வர ரோட்டு இருக்கிறது, ஒரு பொறியியலாளர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்கிறார் என்றால். நாலும் வேண்டும்.

## இரண்டு: கேபியன்

கம்பிவலைப் பெட்டிக்குள் கல்லை நிரப்பி அடுக்குவது. ரோட்டு ஓரங்களில் பார்த்திருப்பீர்கள். இதன் அழகு என்னவென்றால், தண்ணீரை வடிக்கத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம், உடம்பெல்லாம் துளைதான். நம்மைப் போன்ற ஆட்கள் அடைக்க நினைத்தாலும் அடைக்க முடியாது. நிலம் கொஞ்சம் இறங்கினால் சுவர் வெடிக்கும்; இது வளைந்து கொடுக்கும். நம் ஊர் இளைஞர்கள் நாலு நாளில் கல் அடுக்கப் பழகிக்கொள்வார்கள், கூலியும் ஊருக்குள்ளேயே நிற்கும்.

குறைகள்: ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம், இரண்டு மீற்றர் நீளப் பெட்டி ஒன்று நிரம்பினால் மூன்று தொன்னுக்கு மேல். அந்தக் கல் எங்கிருந்து வரும், எப்படி வரும்? லொறி வராத லயம் என்றால் கடைசி கால் மைல் தலைச்சுமைதான். பக்கத்தில் கிடக்கிறதே என்று உக்கிய கல்லைப் போட்டால் சில மழையில் பொடிந்து கம்பி வழியாகக் கொட்டிவிடும். பின்னால் வடிகட்டித் துணி விரிக்காவிட்டால் தண்ணீரோடு மண்ணும் கழுவிக்கொண்டு போய், மேலே குழி விழும். இந்தத் துணியைத்தான் மதிப்பீட்டில் முதலில் வெட்டுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் இடம். மூன்று மீற்றர் உயரத்துக்கு அடுக்கினால் அடியில் ஒன்றரை, இரண்டு மீற்றர் அகலம் போய்விடும். மைதானத்தில் பவுண்டரி அந்த அளவுக்கு உள்ளே வரும். பையன்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பின்னால் சண்டை வராது.

ஓயாக்கரைக்கும் நிரப்பிய ஓரத்து அடிவாரத்துக்கும் என் கையில் பணம் இருந்தால் நான் எடுப்பது இதைத்தான்.

## மூன்று: கானும் வெட்டிவேரும்

இதைச் சொன்னால் கூட்டத்தில் யாராவது சிரிப்பார்கள். "புல்லா மலையைப் பிடிக்கும்?"

சரி, நம் தாத்தாமார் மலையை எதால் பிடித்தார்கள்? தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே, லேசான சாய்வில், வரிசை வரிசையாகக் கான். கானுக்குள் இடையிடையே மண் தங்கக் குழி. எல்லாக் கானும் கல் பதித்த பெரிய கானில் போய்ச் சேரும், அது ஓடையில் விழும். வருடா வருடம் கான் வெட்ட ஆட்களைப் போட்டு மண்ணை அள்ளுவார்கள். என் அப்பா அந்த வேலை செய்தவர். மழை தொடங்கிய உடனே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கானைப் பார்க்கப் போவார், எங்கே உடைக்கிறது என்று. இன்று அந்த ஆட்கள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். கான்கள் தூர்ந்து அதன்மேல் மானாப்புல் முளைத்திருக்கிறது. மேலே தேங்குகிற தண்ணீர் நம் மைதானத்து மேட்டுக்குள் இறங்குகிறது. மேடு சரிந்ததற்கு மேட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

டவுனில் இதைவிட மோசம். தோட்டமாக இருந்தபோது கான் இருந்தது. கடையும் வீடும் வந்தபோது கான் போய்விட்டது. கூரைத் தண்ணீர், குளியலறைத் தண்ணீர், உடைந்த குழாய்த் தண்ணீர் எல்லாம் கீழ் வீட்டுக்காரர் சுவரில்.

ஆகவே முதல் வேலை மேட்டின் உச்சிக்கு மேலே குறுக்காக ஒரு கான் வெட்டி, தண்ணீரை மேட்டுக்கு வரவிடாமல் பக்கவாட்டில் திருப்பி, கல் பதித்த வழியில் ஓடைவரை இறக்குவது. பாதியில் விட்டால் பாவம். மேட்டு லயத்துத் தண்ணீரைத் திருப்பிப் பணிய லயத்துக் கூரையில் விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று படம் எடுத்த இடத்தையும் பார்த்திருக்கிறேன். மண் வெடித்திருக்கும் இடத்தில் கானின் அடியைக் கொங்கிரீட்டால் பூச வேண்டும், இல்லாவிட்டால் நாமே மலைக்குத் தண்ணீர் ஊட்டுகிறோம்.

கான் முடிந்த பிறகு மேட்டின் முகத்தில் வெட்டிவேர். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, நாற்றுக்கு நாற்று நாலு முதல் ஆறு அங்குலம். வேர் பக்கத்தில் படராது, நேரே கீழே போகும். நல்ல மண்ணில் மூன்று மீற்றர்வரை போகும். மேல்தோல் வழுக்குவதை இது நன்றாகப் பிடிக்கும். ஆழத்திலிருந்து வருவதை ஒன்றும் செய்யாது. பிடிக்க ஒன்றிரண்டு வருடம் எடுக்கும். அதுவரை சாக்கோ தேங்காய் நார் விரிப்போ போட்டு மூட வேண்டும். நிழலில் வராது. நுவரெலியா உயரத்தில், தையில் உறைபனி விழும் இடங்களில் மெதுவாகத்தான் வரும்; அங்கே உள்ளூர்ப் புல்லையும் கலந்து நடுவது நல்லது. டர்பன்டைன் போன்ற உயரமான மரத்தை மேட்டின் விளிம்பில் வைக்கவே வேண்டாம். காற்றில் ஆடி ஆடி மண்ணைக் கிளப்பும்.

செலவில் ஆகக் குறைந்தது இதுதான், உழைப்பில் ஆகக் கூடியதும் இதுதான். மறைந்திருக்கும் செலவு, லயத்துக்குப் பின்னால் லீக்ஸும் போஞ்சியும் போடுகிறவர்களோடு வரும் சண்டை. மேட்டைக் கொத்திப் பாத்தி கட்டினால் மண் இளகும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் போஞ்சிதான் பிள்ளையின் டியூசன் காசு. வேறு இடம் கொடுக்காமல் "இங்கே கொத்தாதே" என்று பலகை மட்டும் நட்டால் பலகை அடுப்புக்குப் போகும்.

ஆழமான சரிவுக்கும் தண்ணீரை வடிப்பதுதான் முதல் மருந்து, ஆனால் அது நம் கையில் இல்லை. வட்டவளையில் ரயில் பாதையை நகர்த்திக்கொண்டிருந்த மண்சரிவை 1990களில் நிலத்துக்குள் நீண்ட துளை போட்டு, உள்ளே நின்ற நீரை வடித்துத்தான் அடக்கினார்கள். அது அரசாங்கம் செய்கிற வேலை.

## நான்கு: விட்டு விலகுவது

கட்டடத்தை எடுத்துவிட்டு இடத்தை வெறும் இடமாக விடுவது. மேடு சரிந்தால் சரியட்டும், ஓயா பெருகினால் பெருகட்டும், அங்கே ராத்திரியில் ஆள் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் இப்படித்தான் செய்தார்கள். 2.7 கிலோமீற்றர் நேரான கொங்கிரீட் வாய்க்காலை எடுத்துவிட்டு, 3.2 கிலோமீற்றர் வளைந்து ஓடும் ஆறாக்கி 2012இல் திறந்தார்கள். வெயில் நாளில் அது பூங்கா. மழை நாளில் ஆறு பூங்காவுக்குள் பரந்துகொள்கிறது. டவுன் ஓயாக்கரைகளுக்கு இந்த யோசனை நல்லது. அப்படியே பார்த்துக் கட்ட முடியாது: அங்கே தட்டை நிலத்தில் தண்ணீர் மெல்ல ஏறும், இங்கே ஓயா கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வரும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஓயாக்கரையில் கடைத்தொகுதி கட்டாமல் மைதானத்தையும் வாகனத் தரிப்பிடத்தையும் அங்கே வைப்பது. நனைந்தால் மறுநாள் சேற்றைக் கழுவிவிடலாம்.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது, மலையகத்தில் வெறும் நிலம் வெறுமனே இருக்காது. ஏழு பேர்ச் காணிக்கே பரம்பரையாகக் காத்திருக்கும் சனம் நாம். இன்று விட்ட இடத்தில் ஆறு மாதத்தில் ஒரு பெட்டிக்கடை, ஒரு வருடத்தில் ஒரு தற்காலிகக் கொட்டில். ஆகவே வெறுமனே விடாமல் பந்தடிக்கும் இடமாக, காய்கறிப் பாத்தியாக, நாற்று மேடையாக ஏதாவது பகல் நேரப் பயன்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, தூரம். பிள்ளைக்காம்பராவை அரை மைல் தள்ளிக் கொண்டுபோனால் வரைபடத்தில் அது பாதுகாப்பு. ஆனால் காலையில் மலைக்குப் போகும் தாய் அரை மைல் போய்த் திரும்ப மாட்டாள். பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் எடுப்பது) தப்பினால் சம்பளம் தப்பும். பாலூட்டும் குழந்தைக்கு இடையில் வருவதும் நடக்காது. கடைசியில் அக்காக்காரி பள்ளிக்கூடம் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொண்டு லயத்தில் இருப்பாள், அதே மேட்டுக்கு அடியில். ஆகவே இடம் பார்க்கும்போது தாய்மார் கொழுந்துக்குப் போகும் வழியில் பாருங்கள். கூட்டத்துக்கு ஆண்களை மட்டும் கூப்பிட்டால் இந்தப் பேச்சே வராது.

ஊரோடு விலகுவது இன்னும் பெரிய விஷயம். மீரியாபெத்தையில் தப்பியவர்கள் பலர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் முகாமிட்டு இருந்தார்கள். மாக்கல்தெனியவில் வீடுகள் கைக்கு வந்தது 2016இல். இரண்டு வருடம். விலகத்தான் வேண்டும் என்று ஆன இடங்களில் இந்த இடைக்காலத்துக்கும் சேர்த்துத் திட்டம் கேளுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சுவர் | கேபியன் | கான் + வெட்டிவேர் | விலகுவது |
|---|---|---|---|---|
| எந்தச் சரிவுக்கு | ஆழமில்லாத, உயரமான வெட்டு | ஓயாக்கரை, நிரப்பிய ஓரம் | மேல்தோல் வழுக்கல் | ஆழமான நகர்வு, வெள்ளப் பாதை |
| தண்ணீர் | வடித்தால்தான் நிற்கும் | தானே வடியும் | வருமுன்னே திருப்பும் | போகவிடும் |
| மறைந்த செலவு | சல்லி, அனுமதி, மழைக்காலத் தாமதம் | கல் ஏற்றுவது, வடிகட்டித் துணி, இடம் | வருடா வருடம் ஆள், தோட்டச் சம்மதம் | தூரம், இடைக்காலம், மறுபடி குடியேறுவது |
| கெட்டால் | ஒரே ராத்திரியில் | கொஞ்சம் கொஞ்சமாக | கண்ணுக்குத் தெரிந்து | அடியில் ஆள் இல்லை |
| நம்மால் செய்ய முடியுமா | இல்லை | ஆள் காட்டிக் கொடுத்தால் | முடியும் | இடம் கிடைத்தால் |

"கெட்டால்" என்ற வரியை இரண்டு தரம் படியுங்கள். மலையில் எதுவும் ஒருநாள் கெடும். எது சொல்லிவிட்டுக் கெடும் என்பதுதான் என் அளவுகோல்.

## தலவாக்கலைத் தம்பிக்குச் சொன்னது

நிரப்பிய ஓரத்தில் வெடிப்பு இல்லை, பீலி கலங்கவில்லை, சரிந்தது மூன்றடி மேல்மண் என்றார். ஆகவே இந்த வரிசை: சித்திரைக்குள் மேட்டுக்கு மேலே கான், ஓடைவரை கல் பதித்து. வைகாசி மழை பிடித்ததும் வெட்டிவேர். மிச்சப் பணத்தில் சுவர் வேண்டாம். பிள்ளைக்காம்பராவை மைதானத்தின் மறுபக்கம், ஸ்டோருக்குப் போகும் பாதை ஓரத்தில், மேட்டை விட்டுத் தள்ளி வைக்க முடியுமா என்று இடர் மதிப்பீட்டுக்கு எழுதிப் போடுங்கள். கானுக்கு வருடம் இரண்டு சிரமதானம், திகதி போட்டு, குறிப்புப் புத்தகத்தில். அபாய அறிவிப்பு வந்தால் கூடும் இடத்தை மைதானத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மாற்றுங்கள். பள்ளிக்கூடம் முகட்டில் இருக்கிறதாம்.

இவை நடக்கும்வரை ஒரு மழைமானி. பக்கம் நேரான பிளாஸ்டிக் போத்தலைக் கழுத்தோடு வெட்டி, வெட்டிய துண்டைக் கவிழ்த்துப் புனலாக வைத்து, அடியைத் தட்டையாக்க அடிவளைவுவரை சிமெந்து ஊற்றி, அதன் மேலிருந்து அடிமட்டத்தால் கோடு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் மூட்டை கட்டித் தயாராக இருப்பது, 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 தாண்டினாலோ யாரையும் கேட்காமல் வெளியேறுவது. இவை ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகள்.

போன வாரம் போத்தலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பிள்ளைக்காம்பராக் கூரை ஓரத்தில் அழகாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அங்கே தகரத்துத் தண்ணீரும் சேர்ந்து விழும். மைதானத்து நடுவில் ஒரு கம்பை நட்டு அதில் கட்டச் சொல்லியிருக்கிறேன்.